ஒரு தம் அடித்தால் மூளை வேலை செய்யுமா? நிகோடினின் கதை

செமஸ்டர் நெருங்கினால் எந்தக் கல்லூரி விடுதியிலும் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "ஒரு தம் அடிச்சாதான்டா மண்டையில ஏறுது." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஏன் அப்படி இருக்கிறது? இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க விஞ்ஞானிகளுக்குப் பல தலைமுறைகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர்க்காரணம். 1560 வாக்கில் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர் ழான் நிகோ. புகையிலை அருமையான மருந்து என்று நம்பி, அதைத் தன் நாட்டு அரண்மனைக்கு அனுப்பி வைத்தார். அரசரின் தாயார் காத்தரின் தெ மெடிசியின் வட்டாரத்தில் அது தலைவலி மருந்தாகப் பிரபலமானது. ஆக, புகையிலை ஐரோப்பிய அரண்மனைக்குள் நுழைந்ததே தலைக்கு நல்லது என்ற பெயரோடுதான்! 1828இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் புகையிலையிலிருந்து அந்தச் சரக்கைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். நிகோவின் பெயரால் அது நிகோடின் ஆனது. பிரித்த இருவரும் அதைக் கடும் விஷம் என்றே கருதினார்கள்.

அது உடம்பில் என்ன செய்கிறது? 1889இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லியும் டிக்கின்சனும் விலங்குகளின் நரம்பு முடிச்சுகளில் நிகோடினைத் தடவிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நரம்புச் செய்தி நின்றுபோனது. இந்த வழியில் தொடர்ந்து உழைத்த லாங்லி, செல்களில் ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று 1905இல் சொன்னார். இன்று அதை ஏற்பி என்கிறோம். அசெட்டைல்கோலின் என்று நம் உடம்பே தயாரிக்கும் ரசாயனம் ஒன்று உண்டு. கவனத்துக்கும் நினைவுக்கும் அது முக்கியம். அந்தப் பூட்டில் நிகோடின் கள்ளச்சாவி போலப் பொருந்திக்கொள்கிறது. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, சிந்தனைக்கு வருவோம். இதை ஒழுங்காகச் சோதித்த ஆரம்பகால மனிதர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல். இவர் செய்த காரியம் சுவாரசியமானது. ஆட்களின் கண்ணைக் கட்டினார். ஒருமுறை நிஜமான புகைக்குழாயைக் கொடுத்தார். இன்னொரு முறை, மின்சாரத்தால் சூடாக்கிய வெறும் காற்று வரும் குழாயைக் கொடுத்தார். புகைக்கிறோம் என்ற நினைப்பு வேறு, புகையிலையின் வேலை வேறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம். 1924இல் வெளியான முடிவின்படி நாடித்துடிப்பு கூடியது, கை நடுக்கமும் கூடியது. மூளை வேலைகளிலோ முடிவு கலவையாகத்தான் இருந்தது. பெரிய அறிவு வளர்ச்சி எதுவும் தென்படவில்லை.

1942இல் பிரிட்டிஷ் மருத்துவர் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் ஒரு படி மேலே போனார். தனக்கும் தன்னார்வலர்களுக்கும் நிகோடினை ஊசியாகவே போட்டுப் பார்த்தார். ஊசி பழகியபின் சிகரெட்டைவிட ஊசியே பிடித்துப்போனதாம். ஆட்கள் புகைக்காகப் புகைப்பதில்லை, நிகோடினுக்காகத்தான் புகைக்கிறார்கள் என்று 'லான்செட்' இதழில் எழுதினார். அப்போது அதைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1964இல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க அரசு அறிக்கைகூட புற்றுநோயைப் பற்றி உறுதியாகப் பேசிவிட்டு, புகைப்பதை வெறும் 'பழக்கம்' என்றுதான் வகைப்படுத்தியது. 'அடிமைத்தனம்' என்ற சொல்லை அரசு அறிக்கை சொல்ல 1988 ஆகிவிட்டது.

இதற்கிடையில் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் டேவிட் வார்பர்ட்டனும் கீத் வெஸ்னஸும் ஒரு சோதனையைப் பிரபலமாக்கினார்கள். திரையில் நிமிடத்துக்கு 100 என்ற வேகத்தில் இலக்கங்கள் ஓடும். தொடர்ந்து மூன்று ஒற்றைப்படை அல்லது மூன்று இரட்டைப்படை வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சாதாரணமாக நேரம் ஆக ஆகக் கவனம் சிதறும். புகைத்தவர்களிடம் அந்தச் சிதறல் குறைவாக இருந்தது. "பார்த்தீர்களா, சிகரெட் மூளையைக் கூர்மையாக்குகிறது!" என்று சொல்ல இது வசதியாகப் போயிற்று. பிற்பாடு வார்பர்ட்டன் நடத்திய 'அரைஸ்' என்ற அமைப்புக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்தது, அந்தக் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது.

காசு வந்த இடத்தை வைத்து மட்டும் ஓர் ஆய்வைத் தூக்கி எறிய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்? இந்த வகை ஆய்வுகளில் பெரும்பாலும், புகைப்பவர்களைப் பல மணிநேரம் புகைக்க விடாமல் உட்கார வைத்து, பிறகு ஒரு சிகரெட் கொடுத்து வித்தியாசத்தை அளப்பார்கள். நிகோடினின் அளவு ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணிநேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல் வரும், மனம் ஓரிடத்தில் நிற்காது. அப்போது ஒரு சிகரெட் பிடித்தால் கவனம் திரும்பி வரத்தானே செய்யும்? மேலே ஏறியதாகத் தோன்றுவது, பள்ளத்திலிருந்து தரைக்கு வந்ததுதான். 1999இல் ஆண்டி பேரட் என்ற உளவியலாளர் மன அழுத்தத்தைப் பற்றி இதே வாதத்தை வைத்தார்: சிகரெட் தணிக்கும் பதற்றத்தில் பெரும்பங்கு, முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற பதற்றம். கந்துவட்டிக்காரர் கொடுக்கும் புதுக்கடனில் பழைய வட்டியைக் கட்டிவிட்டு, "நல்ல மனுஷன்யா" என்று சொல்வது மாதிரி.

அப்படியானால் நிகோடினுக்குத் தனியாக எந்தச் சக்தியும் இல்லையா? இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 41 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் ஹைஷ்மனும் குழுவினரும் வெளியிட்ட அலசலில், புகைக்காதவர்களையும் நிகோடின் குறையாத நிலையில் இருந்த புகைப்பவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். விழிப்பு, கவனம், சில வகைக் குறுகியகால நினைவு ஆகியவற்றில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. 2012இல், லேசான நினைவுக் குறைபாடு உள்ள, புகைக்காத 74 பேரிடம் 6 மாதம் நிகோடின் பட்டையை ஒட்டிச் செய்த சோதனையிலும் கவனத்தில் ஓரளவு பலன் தென்பட்டது. ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் தோல் வழியாகப் போன நிகோடின். சிகரெட்டில் அதனுடன் கார்பன் மோனாக்சைடும் தாரும் சேர்ந்தே வருகின்றன.

அதே 2012இல் வந்த இன்னொரு முடிவையும் பாருங்கள். பிரிட்டனின் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'வைட்ஹால் 2' ஆய்வில், புகைக்கும் ஆண்களின் சிந்தனைத்திறன் புகைக்காதவர்களைவிட வேகமாகக் குறைந்தது. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. விட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலான ஆண்களிடம் அந்த வேகம் காணப்படவில்லை.

இப்போது விடுதி வசனத்துக்கு வருவோம். தம் அடிக்கும் நண்பன் சொல்வது அவனைப் பொறுத்தவரை உண்மை. அடிக்காவிட்டால் அவனுக்குப் பாடம் ஏறாது. ஆனால் பக்கத்து அறையில் சிகரெட்டையே தொடாதவனுக்கு அந்தப் பள்ளமே கிடையாது. விட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: முதல் சில வாரங்கள் கவனம் நிற்காது, அது இயல்பு, பிறகு சரியாகிவிடும். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் விடுவதைவிட, செமஸ்டர் லீவு தொடங்கும் நாளில் விடுவது எளிது. இன்னும் தொடங்காதவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: "ஒண்ணே ஒண்ணு அடிச்சுப் பாரு, நல்லாப் படிக்கலாம்" என்று எவனாவது நீட்டினால், அவன் நீட்டுவது முதல் கடன்.