லிஸ்பனின் கடற்கோளும் ஓர் அமைச்சரும்



அழிவைப் பாடுவது இலக்கியத்துக்குக் கைவந்த கலை. மதுரை எரிந்ததைச் சிலம்பிலே படிக்கிறோம். புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலையிலே படிக்கிறோம். ஆனால், அழிவுக்கு மறுநாள் பிணங்களை அகற்றியவர் யார், பசித்தவருக்குத் தானியம் அளந்தவர் யார் என்று பாடிய புலவர்கள் மிகச் சிலரே. ஐரோப்பிய இலக்கியத்திலும் இதே நிலைதான். வோல்ட்டேர் லிஸ்பன் நகரின் அழிவைப் பற்றி 1756 இல் கவிதை வெளியிட்டார். 1759 இல் 'கன்டீட்' என்னும் கதையிலும் அதைக் கொண்டுவந்தார். அந்நகரை மீட்ட நிர்வாகத்தைத் தேட நாம் வரலாற்றிடமே போகவேண்டியிருக்கிறது.

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயரின் தலைநகரே லிஸ்பன். 1755 நவம்பர் 1 ஆம் திகதி அங்கே புனிதர் அனைவரினதும் திருநாள். காலை ஒன்பதரை மணி கடந்த வேளை. தேவாலயங்கள் நிறைந்திருந்தன, மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. பூமி அதிர்ந்தது. கூரைகள் வழிபட்டோர்மீது சரிந்தன. தப்பியோர் வெட்டவெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே நீர் உள்வாங்கியது. பின்னர் பேரலையாகத் திரும்பியது. 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. எஞ்சியதை நாட்கணக்கில் எரிந்த தீ விழுங்கிற்று. மாண்டவர்கள் பல்லாயிரம் பேர்.

மன்னர் முதலாம் ஜோசே நகருக்கு வெளியே இருந்தமையால் உயிர் தப்பினார். ஆயினும் மனம் ஒடிந்துபோனார். கற்சுவருக்குள் உறங்க அஞ்சி, அதன்பின் கூடாரங்களிலும் மரக்கட்டடங்களிலுமே வாழ்ந்தார். அவ்வேளை பொறுப்பை ஏற்றவர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்ற அமைச்சர் கார்வாலியோ.

அவர் செய்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். பிணங்கள் அழுகினால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் இருந்தது. ஆகவே, திருச்சபையின் இசைவைப் பெற்று, உடல்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் அமிழ்த்தச் செய்தார். தானியம் வெளியூர்களிலிருந்து தருவிக்கப்பட்டது. விலை ஏறாதபடி கட்டுப்படுத்தப்பட்டது. கொள்ளையரை அச்சுறுத்தத் தூக்குமரங்கள் நாட்டப்பட்டன. உடல்வலு உள்ளோர் நகரைவிட்டு ஓடாதபடி படையினர் தடுத்தனர். இடிபாடுகளை அகற்றக் கைகள் வேண்டுமல்லவா? காவல் இன்றேல் தானியம் கொள்ளைபோகும். தானியம் இன்றேல் உழைப்போர் நில்லார். ஒன்றையொன்று தாங்கும் இந்த இணைப்பே அவருடைய வெற்றி. நகரின் பகுதிகள்தோறும் நீதவான்கள் பொறுப்பாக்கப்பட்டனர். ஆணை ஓரிடத்திலே பிறந்தது. வேலை பல இடங்களிலே பகிரப்பட்டது. இவ்வாணைகள் 1758 இல் நூலாகவே தொகுக்கப்பட்டன.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா வற்றியதா, எத்தனைபேர் இறந்தனர் என்றெல்லாம் கேட்டு நாடெங்குமுள்ள பங்குகளுக்கு வினாக்கொத்து அனுப்பப்பட்டது. அவ்விடைகள் இன்றைய பூகம்ப ஆய்வாளருக்கும் பயன்படுகின்றன. வயது முதிர்ந்த பொறியியலாளர் மனுவேல் டா மாயா, அழிவு நேர்ந்து ஐந்து வாரங்களுக்குள், டிசம்பர் 4 இல், புனரமைப்பு யோசனைகளை முன்வைத்தார். புதிய வீடுகளின் சுவர்களுக்குள்ளே அதிர்வைத் தாங்கும் மரச்சட்டகங்கள் பொருத்தப்பட்டன.

இவ்வளவோடு கதையை முடித்தால் அது பாதி உண்மையாகிவிடும். பூகம்பம் பாவத்தின் தண்டனையே என்று 1756 இல் எழுதிய மலகிரிடா என்னும் இயேசு சபைத் துறவியை அமைச்சர் தலைநகரிலிருந்து அகற்றினார். 1759 இல் அச்சபையே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. 1761 இல் அம்முதியவர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். இடர்காலத்தில் மக்களின் உயிரைக் காத்த அதிகாரம், இடர் தீர்ந்தபின்பு மாற்றுக்குரலைப் பொறுக்கவில்லை. 1777 இல் மன்னர் இறந்த பின்னரே அமைச்சரின் ஆட்சி முடிந்தது.

வள்ளுவர் காலமறிதலையும் தெரிந்துவினையாடலையும் பொருட்பாலிலே தனித்தனி அதிகாரங்களாக வைத்தார். உரிய காலத்தில் செயற்படுதல், உரியவரிடம் வேலையை ஒப்படைத்தல் ஆகிய இரண்டையும் லிஸ்பனில் காண்கிறோம். அதே பொருட்பாலிலே கொடுங்கோன்மை என்றும் ஓர் அதிகாரம் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. இடர் வரும்போது ஆணையிட ஒருவர் வேண்டும். இடர் நீங்கியதும் அந்த ஆணைக்கோலைக் கீழே வைக்கும் மனமும் அவருக்கு வேண்டும். லிஸ்பன் முதலாவதைப் பெற்றது. இரண்டாவதற்காக இருபத்தோர் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தது.