விசிறி மடிப்பு பிறந்த கதை

கத்தரி முதலில் இறங்கியது முந்தியில்தான். எங்கள் வீட்டுத் தறியில் ஓடிய சேலை அது. அரக்கு நிற உடல், பச்சைக் கரை, சின்னச் சின்னப் புட்டா. அக்கா மகளின் நாட்டிய உடைக்காகச் சேலத்தில் ஒரு தையல்கார அம்மாவிடம் கொண்டுபோயிருந்தேன். இளம்பிள்ளையில் பிறந்தவனுக்குச் சேலை என்பது தறியை விட்டு இறங்கும்போதே முடிந்துவிட்ட பொருள். கரையும் உடலும் முந்தியும் நெய்யும்போதே அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். மடித்துப் பெட்டியில் போட்டால் கடைக்குப் போய்விடும். கத்தரிக்கு அங்கே வேலையே கிடையாது. வெட்டும் சத்தம் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, அப்பா உடன் வரவில்லை.

சேலை ரவிக்கையாக, பைஜாமாவாக, மேலாக்காக, இடுப்புத் துண்டாகப் பிரிந்தது. முந்தியை மட்டும் அந்த அம்மா தனியே எடுத்துத் தரையில் விரித்தார். விரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு. அதன்மேல் அடுத்த மடிப்பு. ஒவ்வொன்றிலும் கரைமேல் கரை சரியாக உட்காருகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து ஒரு குண்டூசி. "கரை ஒரு நூல் ஏறி இறங்குனாலும் மேடையில காட்டிக்குடுத்துரும் தம்பி" என்றார். மேல்பக்கம் நூலோட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து அழுத்தி எடுத்தபோது முந்தி விசிறியாகியிருந்தது.

இந்த விசிறியைக் கோயில் சிற்பத்திலிருந்து நேரே இறங்கிவந்த பழைய உடை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. இதன் பிறப்பைத் தேடிப் போனால் பாதி வழி பாரிஸுக்குப் போகிறது.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஆபராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறியது. ஆடியவர் மரீ டாலியோனி, அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. காற்றில் மிதக்கும் தேவதையாக மரீ நுனிவிரலில் நின்றார். அந்த நிலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். எழேன் லாமி வரைந்ததாகச் சொல்லப்படும் அந்த மணி வடிவ வெள்ளைப் பாவாடையில்தான் டூட்டூ என்னும் பாலே பாவாடையின் கதை தொடங்குகிறது. சல்லடைபோல நெய்த மெல்லிய பருத்தியில் கஞ்சி போட்டு விறைக்க வைத்து, அடுக்கடுக்காக வைத்துத் தைப்பார்கள். கஞ்சியின் அருமை எங்கள் ஊருக்குத் தெரியாததா? பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் இழை இழையாக அறுந்து போகும். ஒரே கஞ்சி இங்கே இழையைக் காக்கிறது, அங்கே பாவாடையைத் தூக்கி நிறுத்தியது.

அந்தப் பாவாடை ஓர் உயிரையும் வாங்கியது. அப்போது மேடையில் எரிந்தது எரிவாயு விளக்கு. 1862-இல் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் நடனப்பெண்ணின் பாவாடை சுடரில் பட்டுப் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு, அடுத்த ஆண்டு இறந்துபோனார். தீப்பிடிக்காமல் துணியைப் பதப்படுத்தும் முறை அப்போதே இருந்தது. துணி மங்கி விறைத்துவிடும் என்று அவர் அதை ஏற்கவில்லை. துணி காற்றாக இருக்க வேண்டும் என்று ஒரு நடனக்காரி ஆசைப்பட்டதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாலியோனியின் அரங்கேற்றத்துக்கு ஆறு ஆண்டு கழித்து, 1838-இல், கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகள் பாரிஸுக்குப் போய் ஆடினார்கள். டார்டிவெல் என்ற பிரெஞ்சுக்காரர் அழைத்துப் போனார். மூத்தவர் தில்லையம்மாள், கடைசிப் பெண் வேதத்துக்கு ஆறு வயதோ என்னவோ. நடுவில் பதினெட்டு வயது அம்மணி. அம்மணியின் ஆட்டத்தைப் பார்த்துக் கவிஞர் தியோஃபில் கோத்தியே மயங்கி எழுதினார். சிற்பி பார் அம்மணியை வெண்கலத்தில் வடித்தார். அதே கோத்தியே மூன்று ஆண்டில் 'ஜிசெல்' பாலேவுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர். 1877-இல் நடன அமைப்பாளர் பெதிபா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயதேர்' அமைத்தார். கதாநாயகி ஓர் இந்தியக் கோயில் நாட்டியக்காரி. அதில் வெள்ளை டூட்டூ அணிந்த நிழல்கள் வரிசையாகச் சரிவில் இறங்கிவரும் காட்சி இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. நம் ஊர்ப் பெண்ணுக்கு அவர்கள் போட்டுப் பார்த்த உடுப்பு அது.

டூட்டூ அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனது. 1880-களில் ருஷ்யாவுக்கு வந்த இத்தாலியப் பெண் வெர்ஜீனியா சூக்கி, பாவாடை குட்டையாக இருந்தால்தான் ஆடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். கால் வேலை நுணுக்கமாக ஆக ஆகப் பாவாடை முழங்காலைத் தாண்டி மேலே போனது. இருபதாம் நூற்றாண்டில் உள்ளே கம்பி வளையம் வைத்து, இடுப்பைச் சுற்றித் தோசைக்கல்போலத் தட்டையாக நீட்டிவிட்டார்கள். 1950-இல் நியூயார்க்கில் உடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா அந்தக் கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய வலைத்துணி அடுக்குகளையே பொதபொதவென்று நிற்க வைத்தார்.

இப்போது நம் விசிறிக்கு வருகிறேன். 1928-இல் பம்பாயில் ருஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தை, பின்னாளில் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலிலும் இருவரும் சேர்ந்து பயணம் செய்ய நேர்ந்தது. ருக்மிணி தேவி பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று வழிகாட்டியவரும் பாவ்லோவாதான். 1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் பின்னாளில் பரதநாட்டியம் என்றான சதிரைப் பந்தநல்லூர் சகோதரிகள் ஆடக் கண்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார்.

அதுவரை சதிர் ஆடியவர்கள் பைஜாமாவுக்கு மேல் கனத்த பட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டினார்கள். ருக்மிணி தேவிக்கு அந்தக் கட்டு பிடிக்கவில்லை. பாலே மேடையில் உடலின் கோடு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிவதைப் பார்த்துப் பழகிய கண் அது. கோயில் சிற்பங்களைப் பார்த்தார். அடையாற்றில் இருந்த மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணியின் தையல் கை உதவியது. சேலை வெட்டுப்பட்டு, உடலோடு ஒட்டித் தைத்து விசிறி வைத்த உடையானது. நல்ல துணி வேண்டும் என்பதற்காகக் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கும் தறி போட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

மனத்தாங்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்கள் தங்கள் கையால் சுற்றிக்கொண்ட கட்டு, அழகில்லை என்று ஒதுக்கப்பட்டது. அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி கடைசிவரை சேலையையே கட்டி ஆடினார். அவருடைய படங்களைப் பார்க்கும்போது, வெட்டுப்படாத சேலையும் ஆட்டத்துக்குப் போதும் என்று ஒரு நெசவுக்காரனாக எனக்குச் சந்தோஷம்.

ஆனாலும் அந்த விசிறியின் அறிவை மறுக்க முடியாது. பாலே எம்பி மேலே போகிற ஆட்டம். பாவாடையும் காலை விட்டு மேலே ஏறியது. நம்முடையது தரையைப் பிடித்து உட்காருகிற ஆட்டம். அரைமண்டியில் முழங்கால்கள் இரு பக்கமும் விலகும்போது விசிறி மடிப்பு மடிப்பாகத் திறக்கிறது, எழுந்தால் மூடிக்கொள்கிறது. ஆடுகிறவள் எவ்வளவு நன்றாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் கடைசி வரிசைக்குக்கூட அது சொல்லிவிடும்.

உடை வீட்டுக்கு வந்த அன்று அப்பாவிடம் வெட்டிய கதையைச் சொல்லவே தயங்கினேன். பாப்பா அதைப் போட்டுக்கொண்டு தறிக்கூடத்து வாசலுக்கே வந்துவிட்டாள். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்துவந்து, குனிந்து, விசிறியின் ஓரத்தை விரலால் தடவினார். பச்சைக் கரை ஒரு நூல்கூடப் பிசகாமல் மடிப்புக்கு மடிப்பு நேராக ஓடியிருந்தது. அவள் கைகளை இடுப்பில் வைத்து அரைமண்டியில் உட்கார்ந்தாள். முந்தி முழுசும் விரிந்து, அவர் ஓட்டிய புட்டா ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"இன்னொருக்கா உக்காரு சாமி" என்றார் அப்பா.