சுமங்கலி என்றொரு கேபிள்

சீரியல் பார்க்கும் பெண்ணைக் கேலி செய்யாத பட்டிமன்றம் தமிழ்நாட்டில் குறைவு. அந்த சேனலும் அதைக் கொண்டுவரும் கேபிளும் யாருடையவை என்று கேட்ட பட்டிமன்றத்தை நான் பார்த்ததில்லை. பெண்ணுக்கும் ஊடகத்துக்குமான உறவை ரசனைக் குறைவாகவே பேசிப் பழகிவிட்டோம். சொத்துரிமையின் வரலாறாக அதைப் படிக்கலாம்.

தொடர்கதைக்குப் பெண் வாசகர்களைத் திரட்டும் வேலையை வை.மு. கோதைநாயகி நூறாண்டுகளுக்கு முன்பே செய்தார். எழுதப் பழகாத நாளில் அவர் சொல்லச்சொல்லத் தோழி எழுதியே முதல் நாடகம் உருவானது. 1925இல் 'ஜகன்மோகினி' இதழை விலைக்கு வாங்கி, 'வைதேகி'யை அதில் தொடராக வெளியிட்டார். எழுத்தாளர், ஆசிரியர், உரிமையாளர் எல்லாம் அவரே. சாதியும் குடும்ப ஆதரவும் துணைநின்றன என்பது உண்மை. ஆனால் என்ன எழுதலாம் என்று எந்த முதலாளியிடமும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதே குழுமம் கேபிள் விநியோகத்திலும் இறங்கியது. அந்த நிறுவனத்தின் பெயர் சுமங்கலி கேபிள் விஷன். 2005இல் தினகரன் நாளிதழும் சேர்ந்தது. சேனலும் கேபிளும் ஒரே கையில் இருந்தால், போட்டிச் சேனல் எத்தனையாவது எண்ணில் வரும், தெளிவாகத் தெரியுமா என்பதும் அதே கையில்தான். தயாரிப்பாளர்கள் ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரம் விற்று ஈடுகட்டினார்கள். 1999இல் தொடங்கிய 'சித்தி'யைத் தயாரித்தது ராதிகாவின் ராடான் நிறுவனம். தயாரிப்பாளராகப் பெண் வந்துவிட்டார். அலைவரிசை வேறொருவருடையதாகவே இருந்தது.

2006 தேர்தலுக்குப் பின் வண்ணத் தொலைக்காட்சி இலவசமாக வந்தது. பெட்டிதான் இலவசம், மாதாமாதம் கேபிளுக்கு வீட்டுச் செலவிலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும். 2007இல் ஆளும் குடும்பத்துக்குள் பிளவு வந்தபோது கலைஞர் டிவியும் அரசு கேபிள் நிறுவனமும் பிறந்தன. குடும்பம் சமாதானமானதும் அரசு கேபிள் முடங்கியது. 2011இல் ஆட்சி மாறியபின் 70 ரூபாய்க் கட்டணத்துடன் அது உயிர்பெற்றது. பார்ப்பவளின் உரிமை இதில் எங்கும் பேசப்படவில்லை. மாமன் மச்சான் சண்டையிலும் கட்சிப் பகையிலும்தான் கேபிளின் விதி எழுதப்பட்டது.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஒரே குழுமம் பத்திரிகை, சேனல், விநியோகம் எல்லாவற்றையும் வைத்திருப்பதற்கு வரம்பு வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. 2024இல் ரிலையன்ஸின் ஊடக நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் இணைந்தன. நூற்றுக்கு மேற்பட்ட சேனல்கள் ஒரே குடையின்கீழ் வந்தன. நம் விஜய் டிவியும் அதில் அடக்கம். தலைவராக அமர்ந்தவர் நீதா அம்பானி, ஒரு பெண். இதைப் பெண்ணின் வெற்றியாக என்னால் எழுத முடியவில்லை. பார்ப்பவளுக்கும் எழுதுபவளுக்கும் முன்னிருந்த கதவுகள் இணைப்பால் குறைந்தன. ஓரிடத்தில் மறுக்கப்பட்ட கதையை எடுத்துக்கொண்டு போக இன்னொரு வாசல் வேண்டும்.

இதழியல் தாள் நடத்தும்போது மாணவிகளிடம் ஆசிரியர் பெயரோடு நின்றுவிடாதீர்கள், உரிமையாளர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பழைய பெண்கள் இதழ்களில் அந்த இரண்டாவது வரியிலும் சில சமயம் ஒரு பெண் இருக்கிறாள். இன்றைய சேனல்களுக்கு அதே பட்டியலைப் போடச் சொல்லும்போது அவர்களுக்கு அதிக நேரம் ஆவதில்லை. பெயர்கள் அவ்வளவு குறைவு.