400 ஹெக்டேருக்குக் கீழே

மரத்தின் பெயரைச் சூடிய ஊர்கள் காவிரிச் சமவெளியில் பல. தேவாரம் திருத்துருத்தி என்று அழைக்கும் ஊர், தலமரமான உத்தாலத்தால் குத்தாலம் ஆயிற்று. சிதம்பரம் தில்லை மரத்தால் தில்லை ஆயிற்று. இன்று தில்லையைக் காண சிதம்பரத்துக்குப் போய்ப் பயனில்லை. அதற்குக் கிழக்கே பிச்சாவரத்தின் உப்புச் சேற்றுக்குப் போக வேண்டும். சுரபுன்னையோடும் கண்டலோடும் அது அங்கே நிற்கிறது. நெல்லுக்காகத் திருத்தப்பட்ட நாட்டில் மிஞ்சிய சில காடுகளில் பிச்சாவரம் ஒன்று. பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர்.

இந்திய வன அளவை நிறுவனம் 1987இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்த அந்த வரைபடத்தில் 400 ஹெக்டேருக்குக் குறைந்த எதுவும் தனியே தெரியாது. அந்த அளவுகோலுக்குப் பிச்சாவரம் மொத்தமே இரண்டு மூன்று புள்ளிகள்தான். உள்ளே திட்டுத் திட்டாகப் பட்டுப்போன இடங்கள் எப்படித் தெரியும்? 2001 அறிக்கையில்தான் வரம்பு ஒரு ஹெக்டேருக்கு இறங்கியது.

காடு பட்டுப்போனதற்கு, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. விறகு என்றால் யார் தலைச்சுமை என்று நமக்குத் தெரியும். ஆனால் 1970கள்வரை இந்தக் காட்டைக் 'கூப்பு' கூப்பாகப் பிரித்து, முறைவைத்து, முழுதாக வெட்டியது வனத்துறை. மலைக்காட்டில் பழகிய முறை அது. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது, இறுகியது, தொட்டிபோலப் பள்ளமானது. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஏறிவந்த கடல்நீர் பள்ளத்தில் தேங்கி, வற்றி, உப்பை விட்டுச் சென்றது. அதில் கண்டல் விதை முளைக்கவில்லை. சில அங்குலத் தாழ்வு ஒரு காட்டைத் தடுத்துவிட்டது. கூப்புக் கணக்கில் அங்குலத்துக்கு இடமில்லை.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியேற்றின. உப்பு இறங்கியது, நட்ட கண்டல் பிழைத்தது.

அந்தச் சேற்றை அங்குலக் கணக்கில் அறிந்தவர்கள் முன்பே அங்கே இருந்தார்கள். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீருக்கடியில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். எங்கே சேறு இளகும், எங்கே நீர் தேங்கும் என்பது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. அதை யாரும் ஆய்வு என்று பெயரிடவில்லை.

ஆனால் கையளவு மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. கண்டலுக்கு நன்னீரும் வேண்டும், அதில் ஒரு பங்கு கொள்ளிடம் வழியாக வருகிறது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வரத்து ஆற்றின் போக்கில் இல்லை, மதகின் கையில் இருக்கிறது. ஜூன் 12 என்ற திறப்புத் தேதி குறுவைக்காகக் குறித்தது. குத்தாலத்தில் நாற்று நடும் பெண்ணுக்கு அந்தத் தேதி மனப்பாடம். பிச்சாவரத்தில் இறால் துழாவும் பெண்ணுக்கு என்று எந்தத் தேதியும் குறிக்கப்படவில்லை.