திருச்சிக் கோட்டையைக் காப்பாற்றிய வெடிச்சத்தம்



1753 நவம்பர் 28, கார்த்திகைக் குளிர், அதிகாலை 3 மணி. ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுக்காரர் சுமார் 600 பேர், ஏணி வைத்துத் திருச்சிக் கோட்டை வெளிமதிலில் ஏறி, டால்டன் பீரங்கி மேடையைப் பிடித்தனர். ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் படையோடு கோவிலடியில் இருந்தார்.

"சுடக்கூடாது" என்பது உத்தரவு. வெற்றிக் களிப்பில் அதை மறந்து, பிடித்த பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்தார்கள். காவலர் விழித்துக்கொண்டனர். உள்ளே நுழைய முடியவில்லை. விடிந்தபோது நூற்றுக்கணக்கானோர் கைதிகள்.

ஆனால் அரிசித் தட்டுப்பாட்டால் ஊர்மக்கள் பெரும்பாலோர் முன்பே வெளியேறியிருந்தார்கள். சண்டை அயலாருக்குள், பசி நம்மவருக்கு.

1751-ல் இதே இரு தரப்பும் நம் ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் பக்கமும் மோதின. பேரப்பிள்ளைகளைக் கோட்டை பார்க்க அழைத்துப் போகும்போது இதையும் சொல்லுங்கள்.