ஏட்டில் ஏறாத பெயர்கள்

அறிஞர் மறைந்த பின்னும் அவர் தேடிய அறிவு மறையாமல் காப்பது நூலகம். மலேரியா மருத்துவத்துக்கும் அத்தகைய கருவூலம் ஒன்று லண்டனில் உண்டு. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டறிந்தவர் ரொனால்டு ராஸ். 1902இல் நோபெல் பரிசு பெற்ற அவர் பெயரால் 1926இல் லண்டனில் ஒரு நிறுவனம் எழுந்தது. 1934இல் அது வெப்பமண்டல மருத்துவப் பள்ளியோடு இணைந்தது. ராஸின் கடிதங்களும் குறிப்புகளும் ஆயிரக்கணக்கில் அப்பள்ளியில் பேணப்படுகின்றன.

கடல் கடந்த அக்கருவூலத்துக்கும் பேராவின் தோட்டத் தமிழருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். ராஸ் 1932இல் மறைந்த பின் அந்நிறுவனத்தை நடத்தியவர் மால்கம் வாட்சன். அவர் மலேரியாவைக் கற்ற பள்ளிக்கூடம் மலாயாவின் பால்மரக் காடுகளே ஆகும்.

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில இரப்பர்க் கன்றுகள் பேராவின் தலைவிதியை மாற்றின. காடு அழிந்து தோட்டம் எழுந்தது. தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரமாய் மக்கள் வந்தனர். கடலோரச் சமநிலத்தில் கொசு நிழலடர்ந்த சதுப்பில் பெருகியது. காட்டை வெட்டி நீரை வடித்ததும் நோய் தணிந்தது. மலைப்பாங்கான இடங்களிலோ நிலைமை தலைகீழாயிற்று. அங்கு நோய் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரையே நாடியது. மரத்தை வெட்டவெட்ட அதற்கு வாழ்வு, தொழிலாளிக்குச் சாவு. காட்டை வெட்டிய கைகளே காய்ச்சலுக்கு வழி திறந்தன என்பது எத்துணைக் கொடிய முரண்! பின்னர் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தியும், நீரில் எண்ணெய் தெளித்தும் அக்கொசுவை அடக்கினர்.

நோயின் கடுமையை அளக்க மருத்துவர்கள் கையாண்ட முறை யாது? லயத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிட்டனர். அக்கணக்குகள் 1911இல் வெளிவந்த வாட்சனின் நூலில் இடம் பெற்றன. உலகம் அவற்றைப் பாடமாக ஏற்றது. அக்குழந்தைகளோ வெறும் விழுக்காடாய் நின்றுவிட்டனர். பெரட்டுக் களத்தில் கசப்பை விழுங்கிக் கொயினா உண்டவர், அதனை அளந்து கொடுத்த டிரெசர், எண்ணெய்த் தகரம் சுமந்து ஓடையோரம் நடந்தவர் ஆகியோரின் பெயர்களை எந்த ஏடு தாங்கி நிற்கிறது?

தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967இல் தொடங்கியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018இல் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. குரங்கிலிருந்து தொற்றும் வகை மட்டும் இன்னும் அச்சுறுத்துகிறது. வெற்றி பெரிது. ஆனால், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், லயங்களோடு தோட்ட ஆஸ்பத்திரிகளும் மறைந்து வருகின்றன. ஆஸ்பத்திரி போனால் அதன் பதிவேடும் போகும். பதிவேடு போனால் பெயரும் போகும்.

நினைவைக் காக்க நம்மால் இயலாது என்பதற்கில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கெரில்லாப் போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் செய்து, 1943இல் சிறைப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். அவர் வாழ்ந்த பாப்பான் சிற்றூரின் 74ஆம் எண் வீடு, ஆர்வலர் உழைப்பால் நினைவில்லமாயிற்று. ஒரு வீட்டைக் காத்த பேராவால் ஓர் அலமாரியைக் காக்க முடியாதா?

ஈப்போ நூலகத்தில் ஒரு பகுதி இதற்கென ஒதுங்கட்டும். பழைய டிரெசர் குடும்பங்களிடம் எஞ்சிய குறிப்பேடுகளும், முதியோர் வாய்மொழியும் அங்கே சேரட்டும். லண்டன் கருவூலம் கண்டுபிடித்தவரைப் போற்றுகிறது, அது தகும். காய்ச்சலைத் தாங்கியவரைப் போற்றும் கடன் நம்முடையது. அவர்தம் பெயரறிந்த கடைசி முதியவர் கண்மூடுவதற்குள் அக்கடனைத் தீர்ப்போமாக!