யானைப் பகை திறந்த துறைமுகங்கள்

கி.மு. 323இல் பாபிலோனில் அலெக்சாந்தர் இறந்ததும் அவருடைய தளபதிகள் பேரரசுக்காக நாற்பது ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மாசிடோனியாவில் அன்டிகோனஸ் வழியினரும், எகிப்தில் தாலமிகளும், சிரியா முதல் ஈரான் வரை செலூக்கியரும் நிலைத்தார்கள். பேரரசை வாரிசுகள் குட்டிச்சுவராக்கினார்கள் என்பதே வழக்கமான தீர்ப்பு. தென் சிரியாவை முன்வைத்துத் தாலமிகளும் செலூக்கியரும் ஆறு போர்கள் நடத்தியதைப் பார்த்தால் அது நியாயமாகவே படும். ஆனால் அந்தப் பகைதான் எகிப்தைச் செங்கடல் பக்கம் திருப்பியது.

காரணம் யானை. சந்திரகுப்த மௌரியருக்குக் கிழக்கு நிலங்களை விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றார் செலூக்கஸ் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். 301இல் இப்சஸ் களத்தில் செலூக்கஸை எதிர்த்த தெமெத்ரியஸின் குதிரைப்படை எதிரியைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட, அது திரும்பும் வழியைச் செலூக்கஸின் யானைகள் மறித்து நின்றன. துணையற்றுப்போன அவனுடைய தந்தை அன்டிகோனஸ் களத்திலேயே மாண்டார். யானையின் பலம் எல்லோருக்கும் புரிந்தது. இந்திய யானை வரும் தரைவழியோ செலூக்கியர் கையில். வேறு வழியின்றி இரண்டாம் தாலமி ஆப்பிரிக்க யானையைத் தேடினார். செங்கடற்கரையில் பெரெனிகே துறைமுகமும், வெகு தெற்கே தாலமாயிஸ் தேரோன் என்ற வேட்டைத்தளமும் எழுந்தன. பிடித்த யானைகளைக் கப்பலில் கொண்டுவந்து பாலைவனத்தைக் கடத்தி நைல் கரை சேர்க்க, வழிநெடுகத் தண்ணீரும் தங்குமிடமும் வேண்டியிருந்தன.

இத்தனையும் வீண் அல்லவா என்று கேட்கலாம். 217இல் ரஃபியா போரில் தாலமியின் 73 யானைகள் செலூக்கியரின் 102 இந்திய யானைகளை எதிர்கொண்டன; தாலமியின் யானைகளில் பெரும்பாலானவை எதிர் யானைகளின் வாடைக்கும் பிளிறலுக்கும் மிரண்டு பின்வாங்கின என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். தாலமிக்கு வெற்றி தேடித் தந்தது காலாட்படைதான். பாரோக்களும் செங்கடலில் கப்பல் விட்டவர்களே என்பதும் உண்மை. ஆனால் அவர்களுடைய பயணங்கள் எப்போதாவது நடந்தவை. தாலமிகளின் தேவை ஆண்டுக்காண்டு தொடர்ந்ததால் துறைமுகங்களும் சாலைகளும் நிலைத்தன. யானைவேட்டை ஓய்ந்தபின் வணிகம் அவற்றில் புகுந்தது. பருவக்காற்றைப் பிடித்து நேரே இந்தியா செல்லும் பயணம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தொடங்கியது. பகைக்கும் அந்தப் பயணத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் கப்பல்கள் புறப்பட்டது பகை கட்டிய துறைகளிலிருந்து. ரோமர் காலத்துப் பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்துள்ளன. வாரிசுகள் ஒற்றுமையாக இருந்திருந்தால் எகிப்துக்கும் யானை தரைவழியே வந்திருக்கும். பாலைவனத்தில் சாலை போட எந்தத் தாலமிக்கும் அவசரம் இருந்திருக்காது.